ஓர் அறை நான்கு அறையாகும்போது



தோட்டத்துப் பிள்ளை படித்து ஆசிரியரானால் அது என்ன வேலை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தாதியானால் தெரியும், கிராணியானால் நன்றாகவே தெரியும். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஆலோசனைத் துறையில் பட்டம் பெற்று, பட்டணத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, மனம் நொந்து வருகிறவர்களோடு பேசிக் கட்டணம் வாங்குகிற மகளைப் பற்றி அக்கம்பக்கத்தார் கேட்டால் பெற்றோர் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறார்கள். "உட்கார்ந்து பேசுவதற்கா காசு?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்வியில் தவறு ஒன்றுமில்லை. பால்மரம் வெட்டினால் மங்கில் பால் தெரிகிறது. செம்பனைக் குலை அறுத்தால் எண்ணிக்கை தெரிகிறது. பேச்சுக்கு எடை இல்லை. ஆனாலும் இந்த வேலைக்குத் தேவை பெருகிக்கொண்டே வருகிறது. நம் நாட்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வு 2019-ஆம் ஆண்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 2.3 பேருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டது. 2023-ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 4.6 பேர் ஆகிவிட்டது. நான்கே ஆண்டுகளில் இரண்டு மடங்கு. தமிழிலே பேசி, தமிழிலே அழுது, தமிழிலே தெளிவுபெற வேண்டியவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ஒருவர் மட்டும் நடத்துகிற ஆலோசனை அறை, மூன்று நான்கு ஆலோசகர்கள் சேர்ந்து உழைக்கிற நிலையமாக வளர்வது எப்படி என்பதை இந்த உரையில் பார்ப்போம். அரசாங்க உதவியோ காப்புறுதிப் பணமோ இல்லாமல், வருகிறவர் தம் கையிலிருந்து கொடுக்கும் கட்டணத்திலேயே நடக்கிற நிலையத்தைத்தான் சொல்கிறேன். இந்தத் தொழிலில் பிள்ளையை விட்டிருக்கிற குடும்பங்களுக்கு இது பயன்படும். அங்கே போய்க் கட்டணம் கொடுக்கப்போகிற குடும்பங்களுக்கு இன்னும் அதிகமாகவே பயன்படும் என்பது என் எண்ணம்.

முதலில் யார் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்பது தெளிவாக இருக்கட்டும். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் இருக்கிறது. அதன்படி ஆலோசகர் என்ற பெயரோடு தொழில் நடத்த இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, ஆலோசகர் வாரியத்தில் பெயர் பதிந்ததற்கான சான்று. மற்றொன்று, தொழில் நடத்துவதற்கான சான்றிதழ். மலாய் மொழியில் பெராக்குவான் அமாலான் என்பார்கள். முதல் தாள் இருந்து இரண்டாம் தாள் இல்லையென்றால், லைசென்சு எடுத்துவிட்டுச் சாலை வரி கட்டாத மோட்டார் சைக்கிளைப் போலத்தான். நோயைச் சோதித்து அறியும் மருத்துவ உளவியலாளர் வேறு வகையைச் சேர்ந்தவர். அவருக்கு 2016-ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில் சட்டம். மருந்து எழுதித் தருகிறவரோ மனநல மருத்துவர். இந்த மூவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது நம்மிடையே சாதாரணம். நிலையம் நடத்துகிறவர் குழப்பிக்கொள்ளக் கூடாது. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொருவருடைய தாள்களையும் தம் கண்ணால் பார்த்து, பிரதி எடுத்து வைக்கவேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். நான் சொல்லப்போகும் தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை. ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஆலோசகர் ஓர் அமர்வுக்கு 120 வெள்ளி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு நால்வர், ஆக 20 பேருக்கு நேரம் ஒதுக்குகிறார். அதில் இருவராவது வராமல் போய்விடுவார்கள். 18 பேர் கணக்கு. பண்டிகை, காய்ச்சல், பயிற்சி எல்லாம் போக ஆண்டுக்கு 46 வாரம் வேலை. சராசரியாக மாதம் 8,280 வெள்ளி வரும். வாடகை, மின்சாரம், தொலைபேசி, கணக்கர், மூத்த ஆலோசகரிடம் பெறும் மேற்பார்வைக்கான கட்டணம், தமக்காகத் தாமே கட்டிக்கொள்ளும் ஊழியர் சேமநிதி என்று 2,800 வெள்ளியைக் கழித்தால் 5,480 வெள்ளி மிஞ்சுகிறது.

நல்ல வருமானம்தானே என்பீர்கள். ஆம், நல்ல வருமானம்தான். ஆனால் அந்தத் தொகைக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. மரம் வெட்டுகிறவர் கூடுதல் மரம் எடுத்தால் கூடுதல் காசு பார்க்கலாம். ஆலோசகர் நாளைக்கு எட்டுப் பேரைப் பார்க்கத் தொடங்கினால், எட்டாவது ஆள் பேசும்போது முதல் ஆளின் துக்கம் இன்னும் காதிலே ஒலித்துக்கொண்டிருக்கும். அப்படிக் கேட்பது கேட்பதாகாது. இந்தத் தொழிலில் உழைப்பைக் கூட்டினால் தரம் குறையும். தரம் குறைந்தால் மனிதருக்குத் தீங்கு.

வேறொரு காரணமும் உண்டு. தனியாக நடத்துகிறவர் நோயில் படுத்தால் கதவு மூடும். பிள்ளைப்பேறு என்றால் மூன்று மாதம் மூடும். தவணை முறையில் மனத்தைத் தேற்றிக்கொண்டு வந்தவர்கள் நடுவழியில் நிற்பார்கள். இரண்டு மாதம் காத்திருந்தால்தான் இடம் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் சிலர் திரும்பி வரவே மாட்டார்கள். ஆகவே ஆள் சேர்த்து விரிவாக்குவது வெறும் ஆசையினால் மட்டும் நடப்பதன்று.

சரி, இன்னொருவரைச் சேர்த்தால் வருமானம் இரண்டு மடங்காகுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கணக்கைப் பொறுமையாகக் கேளுங்கள்.

புதிதாக வருகிறவர் வாரத்துக்கு 12 பேரைப் பார்க்கிறார். மாதம் 46 அமர்வு, 5,520 வெள்ளி. நூற்றுக்கு 60 அவருக்கு, 40 நிலையத்துக்கு என்று பேச்சு. அவருக்கு 3,312 போக நிலையத்தின் பங்கு 2,208 வெள்ளி. இருவர் வேலை செய்கிற இடத்தில் தொலைபேசி எடுக்க, நேரம் குறிக்க, பணம் வாங்க ஒரு முன்மேசைப் பணியாளர் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதற்குமேல் முதலாளி கட்டவேண்டிய ஊழியர் சேமநிதி நூற்றுக்கு 13, சொக்சோ, வேலைக் காப்புறுதி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1,955 வெள்ளி. இரண்டாவது அறைக்கு வாடகை 500. ஆக 2,455 வெள்ளி செலவு. வந்ததோ 2,208. மாதம் 247 வெள்ளி கைநட்டம்!

மூன்றாவது ஆளைச் சேர்த்தால்? இருவரும் கொண்டுவருவது 4,416 வெள்ளி. பணியாளருக்கும் இரண்டு அறைகளுக்கும் 2,955 போக 1,461 வெள்ளி மிஞ்சும். ஆனால் அதற்குள் நிலையத்தை நிறுவியவரின் நேரம் கரைந்துவிடுகிறது. புதியவர்களை வாரந்தோறும் அமர்த்தி அவர்கள் வேலையைப் பற்றிப் பேசவேண்டும், கணக்குப் பார்க்கவேண்டும், குழாய் ஒழுகினாலும் அவர்தான் ஓடவேண்டும். அவர் பார்க்கும் 18 பேர் 13 பேராகக் குறைந்தால் மாதம் 2,300 வெள்ளி போய்விடும். கூட்டிக் கழித்தால் தனியாக இருந்த காலத்தைவிட 839 வெள்ளி குறைவு. நான்காவது ஆலோசகரும் வந்து, மூவரும் ஆளுக்கு 12 பேரைப் பார்க்கத் தொடங்கிய பிறகே கணக்கு மேலே ஏறுகிறது. அப்போதும் பழைய வருமானத்தைவிட 869 வெள்ளிதான் கூடுதல்.

மலையேறுகிறவன் முதலில் ஒரு பள்ளத்தில் இறங்கித்தான் ஏறவேண்டும் என்றால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். புதியவர் ஒருவரிடம் 12 பேர் சேர்வதற்கே பல மாதங்கள் பிடிக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஆறு மாதச் செலவுக்காவது கையிருப்பு இல்லாமல் ஆள் சேர்க்கக் கூடாது என்று சொல்வேன். அந்தக் கையிருப்புக்காக வீட்டு நகையை அடகு வைப்பதும், வட்டிக்காரரிடம் போவதும் வேண்டவே வேண்டாம். தனியாக இருக்கும் காலத்திலேயே மாதம் சிறுதொகை ஒதுக்கிச் சேர்ப்பதுதான் வழி. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. சிறுகச் சேர்க்கும் வித்தையை நம்மவர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த 60, 40 பங்கைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேசவேண்டும். நேயர்களில் வயது முதிர்ந்தவர்களுக்குத் தலைக்காசு என்ற சொல் நினைவிருக்கும். கங்காணி தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைய வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் இவ்வளவு காசு என்று தோட்ட நிர்வாகத்திடம் வாங்கிக்கொள்வார். ஆள் காய்ச்சலில் கிடந்தாலும் அவரைப் பெரட்டுக்கு இழுத்துவர வேண்டும் என்ற ஆசை கங்காணிக்கு ஏன் வந்தது என்பது அந்தத் தலைக்காசிலேயே இருக்கிறது. கங்காணி மூலம் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவது 1938-இல் நின்றுபோயிற்று. ஆனால் தலைக்காசின் புத்தி எந்தத் தொழிலிலும் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும்.

நிலையத்தின் தலைவி, "நீ இந்த மாதம் 46 பேரைப் பார்க்கவில்லையே, 38 தானே" என்று கேட்கத் தொடங்கும் நாளில் அவர் கங்காணியாகிறார். அந்த இளைய ஆலோசகர் குணமாகிவிட்டவரையும் "அடுத்த வாரமும் வாருங்கள்" என்று சொல்லத் தூண்டப்படுவார். நஷ்டப்படுவது யார்? 120 வெள்ளியைக் கடன் வாங்கிக் கொண்டுவந்த தோட்டத் தொழிலாளி. ஆகவே நிலையம் எடுத்துக்கொள்ளும் 40 பங்குக்கு நிலையம் என்ன திருப்பித் தருகிறது என்பது எழுத்தில் இருக்கவேண்டும்: அறை, பணியாளர், வாரத்துக்கு ஒரு மணி நேர மேற்பார்வை, கணக்கு, நெருக்கடி நேரத்தில் துணை. இவற்றில் மேற்பார்வையைத் தராமல் 40 எடுப்பவர் தலைக்காசு வாங்குகிறவரே என்பது என் கருத்து. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இதில் சட்டத்தின் பக்கமும் உண்டு. "நீ ஊழியர் இல்லை, குத்தகைக்காரர், ஆகவே சேமநிதி கிடையாது, சொக்சோ கிடையாது" என்று சொல்லிச் சேர்ப்பது பல தொழில்களிலும் நடக்கிறது. காண்ட்ராக்ட் கூலியின் கஷ்டம் தெரிந்த வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தம் ஒன்று, எழுத்துமூலமான வேலை ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ஒருவரை ஊழியர் என்று கருதுவதற்கு அடையாளங்கள் சொல்கிறது. வேலை செய்யும் விதத்தை மற்றவர் கட்டுப்படுத்துகிறாரா, நேரத்தை அவர் நிர்ணயிக்கிறாரா, கருவியும் பொருளும் அவர் தருகிறாரா, அந்த வேலை அவருடைய தொழிலின் முக்கிய அங்கமா, குறித்த காலத்துக்கு ஒருமுறை பணம் தரப்பட்டு அதுவே வருமானத்தின் பெரும்பகுதியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கப்படும். காலை ஒன்பதுக்கு வா, இந்த அறையில் உட்கார், இந்தக் கட்டணம் வாங்கு, வேறெங்கும் போகாதே என்று சொல்லிவிட்டு, குத்தகைக்காரர் என்று பெயர் மட்டும் வைத்தால் அது நிலைக்காது. ஊழியராகவே சேர்ப்பதென்றால், மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளியின் சேமநிதிப் பங்கு நூற்றுக்கு 13, அதற்குமேல் 12. அதைக் கணக்கில் சேர்த்துப் பங்கை 60-லிருந்து குறைத்துப் பேசுவது நேர்மை. மறைத்துச் சேர்ப்பது நேர்மையன்று.

நிலையத்தின் சட்ட வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாள் தொழிலைத் தொடங்கி 30 நாளுக்குள் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. தோழியர் இருவர் சேர்ந்து கூட்டுத் தொழிலாக நடத்தினால், 1961-ஆம் ஆண்டு கூட்டுத் தொழில் சட்டப்படி ஒருவர் நிலையத்தின் பெயரில் வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. எழுதி வைக்காவிட்டால் இலாபமும் நட்டமும் சரிபாதி. நட்பு பெரியதுதான், ஆனாலும் எழுதி வைத்துக்கொள்ளும் நட்புதான் நீண்ட நாள் நிற்கிறது. பொறுப்புக்கு எல்லை வேண்டுமென்றால் 2012-ஆம் ஆண்டு சட்டப்படியான வரையறுத்த பொறுப்புக் கூட்டுத் தொழிலோ, சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனமோ அமைக்கலாம். அதற்குச் செலவும் கணக்கு வேலையும் கூடும். எந்த வடிவமானாலும் வருமான வரிக்காகக் கணக்குகளை ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும்.

யாரைச் சேர்ப்பது? பட்டத்தைப் பார்ப்பதோடு காதையும் பார்க்கவேண்டும். தோட்டத்திலிருந்து வருகிற அம்மா, "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லமாட்டார். "நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை பாரமா இருக்கு, சோறு எறங்கலை" என்பார். "காத்துக் கருப்பு பட்டிருக்குன்னு மந்திரிச்சாச்சு, இன்னும் தீரலை" என்பார். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரும், உடனே புத்தகச் சொல்லில் மொழிபெயர்க்கிறவரும் உதவமாட்டார்கள். நால்வர் உள்ள நிலையத்தில் ஒருவர் பிள்ளைகளிடம் பேசுவதில் தேர்ந்தவர், ஒருவர் கணவன் மனைவி வழக்கில், ஒருவர் குடிப்பழக்கத்தில் என்று இருப்பது நல்லது. ஆணும் இருக்கட்டும், தோட்டத்து ஆண்களில் பலர் பெண்ணிடம் அழமாட்டார்கள், சிலர் ஆணிடமும் அழமாட்டார்கள்!

தனி அறையில் இல்லாத ஓர் ஆபத்து நிலையத்தில் உண்டு. அது இரகசியம் கசிவது. ஒருவரே நடத்தும்போது ஒரு வாய்தான். நால்வர் நிலையத்தில் ஐந்து வாய். காத்திருக்கும் பெஞ்சிலே இன்னும் நான்கைந்து கண். லயத்தில் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும் வாழ்க்கையை வாழ்ந்தவர்களுக்கு, "இன்னார் மகள் அங்கே போனாள்" என்ற பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவும் என்று தெரியும். அந்தப் பேச்சு ஒரு கல்யாணத்தைக் கூட நிறுத்திவிடும். ஆகவே முன்மேசைப் பணியாளரைத் தேர்ந்தெடுப்பது ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று. அவர் பெயரைக் கூவி அழைக்கக் கூடாது. அடுத்தடுத்த அமர்வுகளுக்கு நடுவே பதினைந்து நிமிடம் விட்டால் போகிறவரும் வருகிறவரும் முகம் பார்க்க வேண்டியதில்லை. குறிப்பேடுகளைப் பூட்டி வைக்கவேண்டும். வாட்சாப் குழுவில் வாடிக்கையாளர் பெயரைப் போட்டுப் பேசவே கூடாது. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கு 2010-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது.

கைப்பணத்தில் நடக்கும் நிலையத்துக்கு இந்த இடத்தில் ஒரு வலிமை இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரை நினைத்துப் பாருங்கள். எத்தனையோ நல்ல டிரசர்கள் இருந்தார்கள். ஆனால் சம்பளம் கொடுத்தது நிர்வாகம். "இவனுக்கு உண்மையிலேயே காய்ச்சலா?" என்று நிர்வாகம் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அதுபோல ஒரு நிறுவனம் தன் ஊழியருக்காகப் பணம் கட்டி ஆலோசனைக்கு அனுப்பினால், அறிக்கை வேண்டும் என்று கேட்கும் எண்ணம் அதற்கு வரலாம். வருகிறவரே பணம் கொடுத்தால் வேறு யாருக்கும் கேட்கிற உரிமை இல்லை. நிறுவனப் பணத்தை வாங்குகிற நிலையம், என்ன சொல்வோம், என்ன சொல்லமாட்டோம் என்பதை முன்கூட்டியே எழுதி, மூன்று தரப்புக்கும் காட்டிவிடவேண்டும்.

ஆனால் அந்த வலிமைக்குப் பின்னாலேயே பெரிய பலவீனமும் நிற்கிறது. கைப்பணம் இல்லாதவர் வாசலுக்கே வரமுடியாது. மாதம் 1,700 வெள்ளி வாங்குகிற குடும்பத்துக்கு, மாதம் நான்கு அமர்வுக்கு 480 வெள்ளி என்பது நடவாத காரியம். நிலையம் வளர வளர வாடகை கூடும், கட்டணம் கூடும், தோட்டத்துப் பிள்ளை தொடங்கிய நிலையத்துக்குத் தோட்டத்து மக்கள் போகமுடியாமல் போகும். இது எங்கோ நடக்கப்போகிற சங்கதி அன்று. கணக்கு அந்தப் பக்கம்தான் இழுக்கிறது.

தடுப்பதற்கும் கணக்குத்தான் போடவேண்டும். நான்கு ஆலோசகர்களும் வாரத்துக்கு ஆளுக்கு ஒரு மணி நேரத்தை 30 வெள்ளிக்குத் தருவதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அமர்விலும் 90 வெள்ளி குறையும். மாதம் 1,380 வெள்ளி. அந்தக் குறையை நிலையம் மட்டும் ஏற்றால், மேலே சொன்ன 869 வெள்ளி மிச்சம் போதாது. வாரத்துக்கு மொத்தம் இரண்டு மணி நேரம் என்றால் 690 வெள்ளி. தாங்கலாம், 179 வெள்ளி மிஞ்சும். நான்கு மணி நேரமும் வேண்டுமென்றால், ஆலோசகர்களும் தம் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவேண்டும், அல்லது கட்டணம் கொடுக்கக் கூடியவர்களிடம் பத்து வெள்ளி கூட்டி வாங்கவேண்டும். இரக்கத்தால் வாய்க்கு வந்த சலுகையை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு எட்டு மாதத்தில் கதவைச் சாத்துவதைக் காட்டிலும், இரண்டு மணி நேரத்தை உறுதியாக வைத்திருப்பது மேல். அந்த இரண்டு மணி நேரம் ஞாயிற்றுக்கிழமையிலோ மாலையிலோ இருக்கட்டும். காலைப் பெரட்டுக்குப் போகிறவருக்குக் காலை பத்து மணி நேரத்தைச் சலுகை விலையில் கொடுத்து என்ன பயன்?

முடியாதவரை அனுப்பிவைக்க வேண்டிய இடமும் நிலையத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. சுகாதார அமைச்சின் மெந்தாரி என்னும் சமூக மனநல நிலையங்களும் இருக்கின்றன. காத்திருக்க நேரலாம், ஆனால் கதவு திறந்திருக்கிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உள்ளவர் ஒருவர் வீட்டில் இருந்தால், 2022 வரி ஆண்டிலிருந்து மனநலப் பரிசோதனை, ஆலோசனைச் செலவையும் 1,000 வெள்ளி எல்லைக்குள் வரும் மருத்துவப் பரிசோதனைக் கழிவில் சேர்த்துக் காட்ட இடம் உண்டு. பதிவு பெற்ற ஆலோசகரின் ரசீது வேண்டும். ரசீது கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

சேர்ந்தவர் ஒருநாள் பிரிவார். அதையும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். "இங்கிருந்து விலகினால் இதே ஊரில் மூன்று ஆண்டு தொழில் நடத்தக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் உண்டு. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒருவர் தம் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. மிகச் சில விதிவிலக்குகளே உண்டு. ஆகவே அந்த வரியை நம்பி நிலையம் கட்ட முடியாது. நன்றாக நடத்தினால் தங்குவார்கள். இல்லையேல் எதிர்க்கடை மாடியிலேயே அறை எடுப்பார்கள். அப்போது வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை. பழைய ஆலோசகரோடு போவதா, நிலையத்திலேயே வேறொருவரைப் பார்ப்பதா என்பதை அவரே முடிவுசெய்யட்டும். குறிப்பேடு எங்கே இருக்கும், யார் பார்க்கலாம் என்பதை மட்டும் முன்பே எழுதிவைத்தால் சண்டை வராது.

நெருக்கடியைப் பற்றியும் சொல்லவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாகக் கருதிய குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. உதவி தேடினால் போலீஸ் வருமோ என்ற பழைய பயத்துக்கு இனி இடமில்லை. ஆனால் ஆலோசனை நிலையம் இரவில் பூட்டியிருக்கும். பூட்டிய பிறகு யாரை அழைப்பது என்பதை முதல் அமர்விலேயே தாளில் எழுதிக் கொடுப்பதுதான் முறை. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. குடும்ப வன்முறைக்கும் பிள்ளைகள் துன்புறுத்தலுக்கும் காசே தொலைபேசி 15999. கோலாலம்பூர் பிஃபிரண்டர்ஸ் அமைப்பு 1970-ஆம் ஆண்டிலிருந்து காது கொடுத்து வருகிறது. உயிருக்கே ஆபத்து என்றால் 999; அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

இனி அங்கே போகிறவர்களுக்காகச் சில வார்த்தை. உள்ளே நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். உங்களைப் பார்க்கப்போகும் ஆலோசகரின் பெயரில் தொழில் நடத்தும் சான்றிதழ் இருக்கிறதா, அதில் காலம் முடிந்துவிடவில்லையே என்று பாருங்கள். நிலையத் தலைவியின் சான்றிதழ் மட்டும் தொங்கினால், "என்னைப் பார்ப்பவர் யார்?" என்று கேளுங்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை நிமிடம், வரமுடியாமல் போனால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் பணம் பிடிப்பார்களா, குறைந்த கட்டண நேரம் இருக்கிறதா என்று பணியாளரிடமே கேட்டுவிடுங்கள். மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகு, "இன்னும் எத்தனை முறை வரவேண்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று ஆலோசகரிடம் கேளுங்கள். நாளைக் குறித்துச் சொல்ல அவரால் முடியாமல் போகலாம். ஆனால் எதை நோக்கிப் போகிறோம் என்று அவரால் சொல்லமுடியும். பத்து முறைக்கான பணத்தை ஒரேயடியாக முன்கட்டணமாகக் கேட்டால், வீட்டில் கலந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.